ஏடு ஓய்வு கொள்ள, எழுத்து உலா வர...

தில்லைத் திருக்கோயிலில் மூவர் தேவாரச் சுவடிகள் பூட்டிய அறைக்குள் கிடந்த வரலாறு சைவ அன்பர்கள் அனைவரும் அறிந்தது. திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியின் துணையுடன் சோழ மன்னன் அவ்வறையைத் திறப்பித்தபோது, ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்து, எஞ்சியவற்றை எடுத்தனர். செல்லரித்துப் போனவற்றைக் கண்டு மன்னன் கலங்கினான். இக்காலத்துக்கு வேண்டுவன எஞ்சியுள்ளன என்று அசரீரி எழுந்து அவனைத் தேற்றியதாக மரபு கூறும். இன்று ஓதுவாமூர்த்திகள் சந்நிதியில் பாடும் தேவாரப் பதிகங்கள் பெரும்பாலும் அன்று கறையானுக்குத் தப்பியவையே.

இவ்வரலாற்றைக் கேட்கும் பெரியோர் மனத்தில் ஓர் ஏக்கம் எழுவதுண்டு. புற்று வளர்வதற்கு முன்பே எவரேனும் படி எடுத்து வைத்திருக்கலாகாதா என்பதே அது. பனையோலை அழியக்கூடியது. ஆதலால், பழைய ஏடு நைவதற்குள் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதுவதை நம் முன்னோர் புண்ணியச் செயலாகவே போற்றினர். எழுத்தாணி செய்த அந்தத் திருப்பணியை, அண்மைக் காலத்தில் ஒரு கேமரா ஏற்றுக்கொண்டது. அது தொடக்கத்தில் எவ்வாறு பணியாற்றியது, எதைக் காத்தது, எதைக் காக்க இயலாமற்போயிற்று என்பன அறியத்தக்கவை.

பன்னிரண்டு படச் சுருளின் வாரிசு

அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்களுக்குப் பழைய ஸ்டூடியோக்களின் பெரிய கேமரா நினைவிருக்கும். 120 என்ற எண் கொண்ட ஃபிலிம் சுருளை அதில் பொருத்துவார்கள். ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் அகலமுள்ள அச்சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள் விழும். ஃபிலிம் பெரிதாக இருந்ததால், சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கினாலும் முகத்தின் தெளிவு குன்றாது. இவ்வகைக் கேமராவை ‘மீடியம் ஃபார்மட்’ என்பர்.

அவற்றுள் உயர்ந்த வகைகளில், ஃபிலிம் சுருள் இருக்கும் பின்பகுதியைத் தனியே கழற்றலாம். அந்த இடத்தில் ஒளியை உணரும் மின்னணுச் சில்லு பதித்த பெட்டியைப் பொருத்தினால், பழைய கேமராவே டிஜிட்டல் கேமரா ஆகிவிடும். இப்பெட்டிக்கு ‘டிஜிட்டல் பேக்’ என்று பெயர். 1990-களின் தொடக்கத்தில் லீஃப் நிறுவனம் இதனை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. செங்கல்லைப் போன்ற பருமன் கொண்ட அப்பெட்டி 40 லட்சம் புள்ளிகளால் ஒரு படத்தை அமைத்தது. இன்று பேரப்பிள்ளைகளின் கையிலுள்ள கைப்பேசிகூட அதனினும் பன்மடங்கு புள்ளிகளைத் தரும். அன்றோ அது பெருஞ்சாதனை.

ஆயினும் அதனைக் கையாள்வது எளிதாக இருக்கவில்லை. பெட்டிக்குள் தனியே திரை இல்லை. எப்போதும் கம்பியால் கணினியோடு பிணைந்திருக்க வேண்டும். நிறத்தைப் பெறுவதற்கு, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய கண்ணாடிகளை ஒன்றன்பின் ஒன்றாக முன்னிறுத்தி, ஒரே காட்சியை மூன்று முறை எடுக்க வேண்டும். மூன்றும் இம்மியும் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால்தான் முழுப்படம் கிடைக்கும். இடையில் எதிரே இருப்பது சற்று அசைந்தாலும் நிறங்கள் விலகிப் பேயுருவாகிவிடும். குழந்தையையோ, மணமக்களையோ, திருவீதி உலாவையோ அதனால் எடுக்க இயலவில்லை.

அசையாத பொருளே அக்கருவிக்கு ஏற்றது. கல்லில் வடித்த திருமேனி, சுவரில் தீட்டிய ஓவியம், மேசையில் விரித்த ஏடு ஆகியவை அதன் முன் பொறுமையாக இருந்தன. படம் எடுப்பவரும் ஜபத்தில் அமர்ந்தவரைப் போல மூச்சடக்கி நிற்க வேண்டியிருந்தது. சந்தைக்குப் பெருங்குறையாகத் தோன்றிய ஒன்று, சுவடிகளுக்கும் ஓவியங்களுக்கும் இடையூறாகவே இருக்கவில்லை.

உடுப்பியில் ஆறு நாட்கள்

டிஜிட்டல் கேமராவால் ஆன்றோர் நூல் ஒன்றைக் காக்க முனைந்த நிகழ்ச்சி உடுப்பியில் நடந்தது. துவைத நெறியை நிலைநாட்டிய ஸ்ரீ மத்வாசாரியர் (1238–1317) அருளிய நூல்களைச் ‘சர்வமூல கிரந்தங்கள்’ என்பர். அவற்றுள் 36 நூல்கள் அடங்கிய, ஏறத்தாழ 700 ஆண்டுப் பழைமையுள்ள ஓலைச்சுவடி ஒன்று உடுப்பி மடத்தில் போற்றப்பட்டு வந்தது. அது 340 ஏடுகளைக் கொண்டது. ஒவ்வோர் ஏடும் 26 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் உடையது. இரு துளைகளின் வழியே கயிறு கோத்துக் கட்டப்பட்டது.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்த பி. ஆர். முகுந்த் என்பவரிடம் அவருடைய ஆன்மிக குரு இச்சுவடியின் நிலையை எடுத்துரைத்து, வழி காணுமாறு பணித்தார். முகுந்த் மின்னணுவியல் அறிஞர். இந்து தத்துவத்தைக் கற்பித்தும் வந்தவர். குருவின் வாக்கைத் தலைமேற்கொண்டு, அதே கழகத்தில் பணியாற்றிய ராஜர் ஈஸ்டன் என்ற படவியல் பேராசிரியரை நாடினார். கீத் நாக்ஸ் என்ற அறிவியலாளரும், அஜய் பசுபுலேட்டி என்ற ஆய்வு மாணவரும் உடன் சேர்ந்தனர். 2005 டிசம்பரில் இக்குழு உடுப்பிக்கு வந்து சுவடியைப் பார்வையிட்டது.

அவர்கள் கண்ட காட்சி உள்ளத்தை உருக்குவது. ஏடுகளின் ஓரங்கள் வெடித்தும் உதிர்ந்தும் இருந்தன. சுவடியில் 15 விழுக்காடு முன்னமே அழிந்துபோயிருந்தது. முற்காலத்தில் காக்கும் எண்ணத்தோடு எவரோ தடவிய எண்ணெய், காலப்போக்கில் ஏட்டைக் கரும்பழுப்பாக்கி எழுத்தை மறைத்துவிட்டது. ஏட்டைப் பிரித்தால்தான் படிக்க முடியும். பிரிக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது பொடியாகும். இந்தத் தருமசங்கடத்தில் மடம் இருந்தது. அச்சில் உலவும் பதிப்புகள் மூலத்தோடு எவ்வளவு ஒத்தவை என்று சரிபார்ப்பதற்கும் அந்த ஏடுகளையே நாட வேண்டியிருந்தது.

2006 ஜூன் மாதம் குழு மீண்டும் வந்து ஆறு நாட்கள் பணியாற்றியது. அறிவியல் ஆய்வுக்குரிய டிஜிட்டல் கேமராவுடன், அகச்சிவப்பு ஒளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியும் பொருத்தப்பட்டது. அகச்சிவப்பு என்பது சிவப்புக்கு அப்பாலுள்ள ஒளி. மனிதக் கண்ணுக்குப் புலப்படாதது. முதுமையால் பழுத்த ஓலை அவ்வொளியைப் பெரிதும் திருப்பி அனுப்பும், கரியோ விழுங்கிவிடும். ஆகவே, வெறுங்கண்ணுக்குப் பழுப்பின்மேல் கருமையாக மங்கித் தெரிந்த எழுத்து, கேமராவின் கண்ணுக்கு வெண்மையின்மேல் கருமையாகத் துலங்கியது.

நீண்ட ஏட்டை ஒரே படத்தில் அடக்கினால் எழுத்து சிறுத்துவிடும். எனவே ஒவ்வோர் ஏட்டின் முன்புறத்தையும் பின்புறத்தையும் எட்டு முதல் பத்துப் பகுதிகளாக எடுத்தனர். மொத்தம் 7,900 படங்கள். பின்னர் அவற்றைக் கணினியில் தெளிவுபடுத்தி, பூத்தொடுப்பதைப் போலப் பகுதி பகுதியாக இணைத்து முழு ஏடுகளாக்கினர்.

அச்சு நூலாகவும் மின்னணுப் படியாகவும் காப்பதோடு, சிலிக்கான் தகடுகளில் எழுத்தைப் பதிக்கும் வழியையும் இளைஞர் பசுபுலேட்டி முன்வைத்தார். ஒரு தகட்டில் மூன்று ஏடுகள் அடங்கும்; முழுச் சுவடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட தகடுகள் வேண்டும். அத்தகடு தீயையும் நீரையும் தாங்கும். கணினியே இல்லாத காலத்திலும் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் படித்துவிடலாம். அரசர்கள் செப்பேட்டில் சாசனம் பொறித்த கருத்தே இங்கும் வேறு பொருளில் தொடர்கிறது எனலாம்.

தோலில் மறைந்த நூல், சுவரில் மறைந்த ஓவியம்

ஈஸ்டனும் நாக்ஸும் உடுப்பியில் பயன்படுத்திய முறைகளை வேறொரு பழஞ்சுவடியில் பழகியிருந்தனர். கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸின் நூல்களை 10-ஆம் நூற்றாண்டில் ஒருவர் பதப்படுத்திய விலங்குத் தோலில் படியெடுத்திருந்தார். 13-ஆம் நூற்றாண்டில் அத்தோலைச் சுரண்டி, அதன்மேல் பிரார்த்தனைகளை எழுதிவிட்டனர். அழிந்தது என்று கருதப்பட்ட அடியெழுத்தைப் பல நிற ஒளிகளைப் பாய்ச்சி மீட்டனர். 2007-இல் அச்சுவடியை மீண்டும் முழுமையாகப் படமெடுத்தபோது, 3 கோடியே 90 லட்சம் புள்ளிகள் கொண்ட மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் பேக் பயன்பட்டது. 40 லட்சம் புள்ளிகளோடு தொடங்கிய பெட்டி, பதினைந்தே ஆண்டுகளில் அந்த நிலையை எட்டியிருந்தது.

ஒன்றின்மேல் ஒன்றாக மறைந்த செல்வம் தமிழ்நாட்டிலும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். வெள்ளானையில் சுந்தரரும் குதிரையில் சேரமான் பெருமாளும் கயிலைக்கு ஏகும் காட்சி அங்கே உள்ளது. ஆனால் அச்சுற்றுப்பாதை மிகக் குறுகியது. முழு ஓவியத்தையும் ஒரே பார்வையில் காணும் அளவுக்குப் பின்னே நகர இடமில்லை. பகுதி பகுதியாகப் படமெடுத்துக் கணினியில் இணைத்த பின்னரே, ஓவியன் உள்ளத்தில் இருந்த முழுக் காட்சி பிறர் கண்ணுக்கும் கிட்டியது. இந்திய தொல்லியல் துறை 2011-இல் வெளியிட்ட, பி. எஸ். ஸ்ரீராமன் எழுதிய சோழர் ஓவியங்கள் பற்றிய நூலின் வாயிலாக, உட்சுற்றுக்குள் செல்ல இயலாத அன்பர்களும் அவற்றைத் தரிசிக்க முடிகிறது.

இத்தகைய கவனத்துக்குரிய இடம் ஒன்று திருப்பத்தூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி என்றவுடன் பலருக்கும் பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளே நினைவுக்கு வரும். ஆம்பூரை அடுத்த மலையம்பட்டுக்கு அருகே அர்மாமலை என்னும் குன்றில் ஓர் இயற்கைக் குகை உண்டு. சமண முனிவர்கள் வாழ்ந்த தவப்பள்ளி அது. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கருதப்படும் ஓவியங்கள் அதன் விதானத்தில் எஞ்சியுள்ளன. தாமரையும் கொடிகளும், தமக்குரிய ஆட்டு வாகனத்தில் அக்னி தேவனும் அங்கே தீட்டப்பட்டுள்ளனர். ஆலயங்களில் தென்கிழக்கு மூலையில் வழிபடும் அதே திசைக்காவலர், சமணர் குகையிலும் இடம்பெற்றிருப்பது இந்நாட்டுச் சமயங்கள் அண்டை அயலாராய் வாழ்ந்ததைக் காட்டுகிறது. உதிர்ந்தும் மங்கியும் போன அவ்வோவியத்தில் இன்று கோடுகளைத் தேடித்தான் காண வேண்டும். திறந்த குகையில் காற்றும் ஈரமும் நாள்தோறும் தம் வேலையைச் செய்கின்றன. அங்கு உதிரும் ஒரு துளி வண்ணத்தையும் எந்தக் கேமராவும் திரும்ப ஒட்டவைக்காது. எஞ்சியிருக்கும்போதே எடுத்தால்தான் உண்டு.

மூலவரும் உற்சவரும்

படம் என்பது மூலத்துக்கு ஈடாகுமா என்று ஐயுறுவோர் உண்டு. ஆலய மரபே அதற்கு விடை தருகிறது. பொதுவாக மூலவர் கருவறையை விட்டு எழுந்தருள்வதில்லை. நடக்க இயலாத முதியோருக்கும், வாயிலில் காத்திருக்கும் அடியார்க்கும் அருள உற்சவர் வீதிக்கு வருகிறார். உற்சவர் உலா வருவதால் மூலவரின் பெருமை குறைவதில்லை. அவ்வாறே, ஏடு மடத்தில் ஓய்வு கொள்ளும். அதன் எழுத்து உலகெங்கும் உலா வரும். உடுப்பிப் பணி நிறைவுற்றால், தக்க காரணமின்றி அச்சுவடியை இனிப் பிரிக்க வேண்டியதில்லை என்று முகுந்த் கூறியதன் கருத்தும் இதுவே. தொடாமல் இருப்பதும் ஒரு தொண்டுதான்.

உடுப்பிச் சுவடியில் இழந்த 15 விழுக்காட்டை மட்டும் எந்த ஒளியாலும் மீட்க இயலவில்லை. கேமரா, தன் முன் இருப்பதையே காட்டும். ஆதலால் காலம் தாழ்த்தாமையே இத்திருப்பணியின் முதல் விதி.

இல்லத்தில் சுவடி இருந்தால்

பாட்டனார் காலத்துச் சுவடிகளைப் பூஜை அறையில் வைத்துச் சரஸ்வதி பூஜையன்று மட்டும் எடுத்து வழிபடும் குடும்பங்கள் இன்றும் பல. அவர்கள் சிலவற்றை நினைவில் கொள்ளுதல் நலம். சுவடியின்மேல் மஞ்சள், குங்குமம், சந்தனம் இடுவதைத் தவிர்த்து, அருகில் ஒரு தட்டில் வைத்து வழிபடலாம். விளக்கின் புகையும் வெம்மையும் படாத தொலைவு வேண்டும். தாமாக எண்ணெய் பூசுதல், நீரால் துடைத்தல், வெயிலில் உலர்த்துதல் ஆகியவை தீங்காக முடியும். ஒட்டிக்கொண்ட ஏடுகளை வலிந்து பிரிக்கக் கூடாது. ஈரமற்ற இடத்தில், தூய பருத்தித் துணியில் சுற்றிப் படுக்கை வசமாக வைப்பதே போதுமானது.

சுவடியில் இருப்பது இன்னதென்று தெரியாவிட்டால் அறிந்தோரை நாடலாம். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம், சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ. வே. சாமிநாதையர் நூலகம் ஆகியவை சுவடிகளைப் போற்றி வருபவை. புதுச்சேரியில் திரட்டப்பட்ட சைவ ஆகமச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவற்றுள் பலவும் ஒரு காலத்தில் குருக்கள் இல்லங்களிலும் மடங்களிலும் இருந்தவையே.

பரணில் உறங்கும் கட்டு ஒன்றை இறக்கி, தூசு தட்டாமல் மெல்லத் திறந்து பார்க்க இந்த வாரமே நல்ல நாள். தில்லையில் அறை திறக்கப்படும் வரை புற்று காத்திருக்கவில்லை. வீட்டுப் பரணிலும் அது காத்திருக்காது.