பெயர் சூட்டியவர் யார்?



நம் பிள்ளைகள் மாநிலங்களின் பெயர்களை வரைபடத்தில் பார்த்து மனப்பாடம் செய்கின்றனர். அப்பெயர்கள் எம்மொழிச் சொற்கள், அவற்றின் பொருள் என்ன என்று நாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? பாரசீகமோ அரபியோ கலந்த ஊர்ப்பெயர்களை அந்நியம் என்று ஒதுக்கும் போக்கு இன்று வளர்ந்து வருகிறது. 2018இல் அலகாபாத் பிரயாக்ராஜ் ஆயிற்று. 2023இல் அவுரங்காபாத்தின் பெயரும் மாற்றப்பட்டது. இவ்வேளையில் பெயர்களின் வரலாற்றை அறிந்து வைத்திருப்பது நமக்கு மிகவும் அவசியம்.

முதலில் நாட்டின் பெயரையே எடுத்துக் கொள்வோம். சிந்து என்பது ஓர் ஆற்றின் பெயர். பண்டைய ஈரானியரின் நாவில் ஸகரம் ஹகரமாகத் திரிந்து, அது ‘ஹிந்து’ ஆனது. அரபிகள் ‘அல்ஹிந்த்’ என்றனர். கிரேக்கர் ஹகரத்தை விட்டு ‘இந்தோஸ்’ என்றனர். அதிலிருந்தே ‘இந்தியா’ பிறந்தது. நம் வீட்டுப் புளியை அரபிகள் ‘தமர் ஹிந்தீ’, அதாவது ‘ஹிந்தின் பேரீச்சை’ என்றழைத்தனர். அச்சொல்லே ஆங்கிலத்தில் ‘டாமரிண்ட்’ ஆயிற்று. ஆகவே, பிறர் நாவில் உருவான பெயர்களையெல்லாம் களைந்தே தீர வேண்டும் என்போர், நாட்டின் பெயரிலிருந்தல்லவா தொடங்க வேண்டும்!

இனி பஞ்சாபைப் பாருங்கள். பாரசீகத்தில் ‘பஞ்ச்’ என்றால் ஐந்து. ‘ஆப்’ என்றால் நீர். ஜீலம், செனாப், ராவி, பியாஸ், சட்லெஜ் ஆகிய ஐந்து ஆறுகள் பாயும் நிலம் என்பது பொருள். வடமொழியாளர் இதே பொருளில் ‘பஞ்சநதம்’ என்றனர். பாரசீகப் ‘பஞ்ச்’ என்பதும் வடமொழிப் ‘பஞ்ச’ என்பதும் ஒரே மூதாதை மொழியில் பிறந்த உடன்பிறப்புச் சொற்கள். ராஜஸ்தானின் இறுதியிலுள்ள ‘ஸ்தான்’ என்பதும், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் ஆகியவற்றின் இறுதியிலுள்ள ‘ஸ்தான்’ என்பதும் அவ்வாறே உறவுடையவை. எது நம்முடையது, எது அந்நியம் என்று இங்கே எப்படிக் கோடு கிழிப்பது?

1947இல் மண்ணின் மீது கோடு கிழிக்கப்பட்டது. ஐந்து ஆறுகளின் பெயரைத் தாங்கிய இந்தியப் பஞ்சாபில் இன்று ஜீலமும் செனாபும் பாய்வதில்லை. எனினும் எல்லையின் இரு புறத்தாரும் அதே பெயரைத்தான் வழங்கி வருகின்றனர். நிலம் பிரிந்தது, பெயர் பிரியவில்லை.

தெற்கே வருவோம். ‘மலபார்’ என்பதில் ‘மலை’ நம் திராவிடச் சொல். ‘பார்’ என்னும் ஈறு பாரசீகத்திலிருந்து வந்தது என்பர் ஆய்வாளர். ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ‘சான்சிபார்’ என்னும் பெயரின் ஈறும் அதுவே. நம் தமிழகத்தின் கிழக்குக் கரையை அரபிகள் ‘மஅபர்’ என்றழைத்தனர். ‘அபர’ என்றால் கடந்தான். ‘மஅபர்’ என்றால் கடந்து செல்லும் இடம், அதாவது கடப்புத்துறை. 1340களில் இங்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா தம் பயண நூலில் இக்கரையை அப்பெயராலேயே குறிப்பிடுகிறார். வாணிபத்திற்காகக் கடல் கடந்து வந்தவர்கள் நம் கரைக்கு இட்ட பெயர் அது.

தன் மொழியாலேயே தனக்குப் பெயர் வேண்டும் என்ற வேட்கையும் நியாயமானதே. சென்னை மாநிலத்திற்குத் ‘தமிழ்நாடு’ எனப் பெயரிடுமாறு உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13இல் உயிர் நீத்தார். 1967 ஜூலை 18இல் சட்டமன்றம் அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 முதல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. மைசூர் மாநிலம் 1973இல் கர்நாடகம் ஆயிற்று. இப்பெயர்கள் மக்கள் தம் தாய்மொழி மீது கொண்ட அன்பால் மலர்ந்தவை. அண்டை வீட்டாரை அந்நியராக்க வேண்டும் என்ற எண்ணத்தால் பிறந்தவை அல்ல. ஒரு பெயரை மாற்றும்போது நாம் கவனிக்க வேண்டிய வேறுபாடு இதுதான்.

மனிதர்கள் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்கே என்று அல்லாஹ் தன் திருமறையின் ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயத்தில் உணர்த்துகிறான். இனப்பெருமை பேசுவதற்கு அங்கே இடமில்லை. இறையச்சமே மேன்மையின் அளவுகோல். சமூகங்களுக்குச் சொல்லப்பட்ட இப்பாடம், அச்சமூகங்கள் வாழும் நிலங்களின் பெயர்களுக்கும் பொருந்துமன்றோ?

பெற்றோரே! இன்றிரவு வரைபடத்தை விரித்து, பிள்ளைகளை அருகில் அமர்த்திக் கொள்ளுங்கள். மேகாலயா என்றால் மேகங்களின் இருப்பிடம் என்றும், சத்தீஸ்கர் என்றால் முப்பத்தாறு கோட்டைகள் என்றும் சொல்லிக் கொடுங்கள். “உன் பெயர் அந்நியப் பெயர்” என்று நாளை யாரேனும் அவர்களிடம் சொன்னால், கோபம் கொள்ளாமல், இந்நாட்டின் பெயர் பிறந்த கதையை அவர்கள் புன்னகையுடன் எடுத்துரைக்கட்டும். அறிவோடு கூறும் அமைதியான பதில் உள்ளங்களைத் திறக்கும், இன்ஷா அல்லாஹ்.