உஷார்! ஆற்றங்கரையில் டென்ட் போடப் போகிறீர்களா?

கோடை விடுமுறை தொடங்கியதுமே வாட்ஸ்அப் குழுக்களில் திட்டம் சூடு பிடித்துவிடும். "ஒகேனக்கல் பக்கம் போவோம், பரிசல் ஏறுவோம், ராத்திரி ஆற்றங்கரையிலேயே டென்ட் அடிப்போம்." வண்டி யாருடையது, சமையல் யார் பொறுப்பு, தலைக்கு எவ்வளவு என்று எல்லாம் பேசி முடித்துவிடுவார்கள். "மேலே எந்த அணை இருக்கிறது? எப்போது திறப்பார்கள்?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

வெயிலிலும் வெள்ளம் வரும்

பாறையும் மணலுமாகக் கிடக்கும் கோடை ஆற்றைப் பார்த்தால் பயம் வராது. ஆபத்தே அங்கேதான் தொடங்குகிறது. 2014 ஜூன் 8 அன்று மாலை, இமாச்சலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில், பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள் ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள். மேலே லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அவர்களைச் சூழ்ந்துகொண்டது. 24 மாணவ மாணவியர் அடித்துச் செல்லப்பட்டார்கள்.

காவிரியும் அணைகளின் பிடியில் இருக்கும் ஆறுதான். ஒகேனக்கலுக்கு மேலே கிருஷ்ணராஜசாகர், கபினி. கீழே மேட்டூர். மேட்டூரைத் தாண்டினால் செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணை மின்நிலையங்கள். மின் உற்பத்தியைக் கூட்டினாலும் குறைத்தாலும், பாசனத்துக்கோ குடிநீருக்கோ திறந்தாலும், கீழே நீர்மட்டம் மாறும். கோடை மழை வேறு இருக்கிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவரைப் பலி வாங்கியது. மழை கொட்டியது மேலே மலையில்.

அதனால் கிளம்பும் முன் நீர்வரத்தைப் பாருங்கள். ஒகேனக்கலுக்கு வரும் நீரை பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். அளவு செய்திகளில் வரும். நொடிக்கு ஒரு கன அடி என்றால் சுமார் 28 லிட்டர். 1,000 கன அடி 5,000 ஆனால், நொடிக்கு 28,000 லிட்டர் ஓடிய இடத்தில் 1,40,000 லிட்டர் ஓடும். மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டிருந்தால், "அந்தப் பக்கம் ஒருத்தர் ஓட்டுகிறாராம்" என்று குறுக்கு வழி தேடாதீர்கள்.

டென்ட் எங்கே?

ஆற்றோர மரங்களையும் புதர்களையும் கவனித்துப் பாருங்கள். கிளைகளில் காய்ந்த சருகு, வைக்கோல், கிழிந்த பிளாஸ்டிக் பை சிக்கித் தொங்கும். வெள்ளம் அவ்வளவு உயரம் வந்து போனதற்கு அதுதான் சாட்சி. அந்தக் கோட்டுக்குக் கீழே எங்கேயும் படுக்காதீர்கள். நடு ஆற்று மணல் திட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். தண்ணீர் ஏறினால் கரைக்கு வர வழி இருக்காது.

போனவுடன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். குச்சியில் தண்ணீர் மேலே ஏறினாலோ, தெளிந்த நீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ பொருளை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள். இரவில் முறைவைத்து ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

பரிசலில் ஏறும் முன்

லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். மாட்டினால் மட்டும் போதாது, எல்லா பக்கிளையும் இறுக்குங்கள். தோள் பக்கம் பிடித்து மேலே தூக்கினால் அது காதுவரை ஏறக் கூடாது. குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட்டை மாட்டினால் அது நழுவிவிடும். ஆள் கூடினால் இன்னொரு பரிசல் எடுங்கள். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். செல்ஃபிக்காக ஒருவர் எழுந்து நின்றாலே பரிசல் சாய்ந்துவிடும். குடித்தவர்களை ஏற்றவே கூடாது.

தண்ணீரில் விழுந்து இழுத்துச் செல்லப்பட்டால், ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் கால் சிக்கினால் நீரே உங்களை அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை நீர் போகும் திசையில் நீட்டி மிதந்தபடி, மெல்லக் கரைப் பக்கம் ஒதுங்குங்கள். தடுப்பணை, கதவணை அருகே போகவே வேண்டாம். மேலிருந்து விழும் நீர் அடியில் சுழன்று ஆளைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். தேர்ந்த நீச்சல்காரரும் அதில் தப்புவது கடினம். 2023 பிப்ரவரியில் கரூர் மாவட்டம் மாயனூரில், விளையாட்டுப் போட்டிக்காக வந்த புதுக்கோட்டை மாவட்டப் பள்ளி மாணவியர் நால்வர் காவிரியில் மூழ்கி இறந்ததைத் தமிழ்நாடு மறக்கக் கூடாது.

குதிக்காதீர்கள்!

ஒருவர் மூழ்கினால் அடுத்தவர் குதிப்பார், அவரைக் காப்பாற்ற இன்னொருவர். இப்படித்தான் ஒரு சாவு மூன்று, நான்கு ஆகிறது. கயிறு, துப்பட்டா, மூங்கில், மூடிய காலி கேன் என்று கைக்குக் கிடைத்ததை வீசுங்கள், நீட்டுங்கள். மீட்டவரைத் தலைகீழாகப் பிடிப்பது, வயிற்றை அமுக்குவது எல்லாம் நேரத்தை வீணடிக்கும். மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள், சி.பி.ஆர். செய்யுங்கள், 108-ஐ அழையுங்கள். குழுவில் இரண்டு பேராவது கிளம்பும் முன்பே சி.பி.ஆர். பழகியிருக்க வேண்டும்.

காட்டுக்கும் சட்டம் உண்டு

ஒகேனக்கலைச் சுற்றி இருப்பது காவிரி வனவிலங்கு சரணாலயக் காடு. கோடையில் யானைகள் தண்ணீர் தேடி வருவது இந்த ஆற்றுக்குத்தான்; ஆற்றில் முதலைகளும் உண்டு. வனத்துறை அனுமதியில்லாமல் தங்குவது குற்றம், ஆபத்தும்கூட. காய்ந்த காட்டில் கேம்ப் ஃபயர் போடவே போடாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்ற குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்

"எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். திட்டம் போடும்போதே ஒருவரைப் பொறுப்பாளராக்குங்கள். யாருக்கு நீச்சல் தெரியாது, யாருக்கு வலிப்பு அல்லது ஆஸ்துமா என்பதை அவர் எழுதி வைத்திருக்க வேண்டும். பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது. எங்கே தங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நீர்வரத்து கூடினால் பரிசலை ரத்து செய்யும் அதிகாரமும் அந்தப் பொறுப்பாளருக்கு வேண்டும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, கட்டிய பணம் போகுமே" என்று யாரும் அவரை வற்புறுத்தாதீர்கள். பணத்தை அடுத்த மாதம் சம்பாதித்துக்கொள்ளலாம். இந்த வாரமே குழுவில் கேளுங்கள்: நம் பொறுப்பாளர் யார்?