அனிசோன்

அனிசோன் என்பது ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களிலும் திரைப்படங்களிலும் இடம்பெறும் பாடல்களைக் குறிக்கும் சொல் ஆகும். "அனிமே", "சாங்" ஆகிய இரு சொற்களும் ஜப்பானிய ஒலிப்பில் சுருங்கி இச்சொல் உருவானது. தொடரின் முகப்பில் வரும் தொடக்கப் பாடல், இறுதியில் வரும் முடிவுப் பாடல், நடுவே வரும் இடைப்பாடல் ஆகிய மூன்றும் இதில் அடங்கும். ஜப்பானியர் கரோக்கேயில் விரும்பிப் பாடும் பாடல்களுள் அனிசோன் முக்கிய இடம் பெறுகிறது.

வரலாறு

ஒசாமு தெசுக்காவின் "அசுட்ரோ பாய்" தொடர் 1963 ஆம் ஆண்டு சனவரி 1 அன்று தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதன் முகப்பு இசை முதலில் சொற்கள் இன்றியே ஒலித்தது. கவிஞர் சுண்டாரோ தனிக்காவா எழுதிய வரிகள் பின்னரே அதனுடன் சேர்ந்தன.

1970களின் பாடல்கள் சிறுவர்களுக்கென்றே எழுதப்பட்டன. நாயகனின் பெயர், அவனது படைக்கலங்கள், தாக்குதல் முறைகள் ஆகியவை வரிகளில் நேரடியாக வரும். 1972 இல் வெளிவந்த "மசிங்கர் இசட்" இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அதற்கு மிச்சியாக்கி வத்தனபே இசையமைத்தார்; இச்சிரோ மிசுக்கி பாடினார். இரசிகர்களால் "அண்ணன்" எனப் பொருள்படும் "அனிக்கி" என்ற பெயரால் அழைக்கப்பட்ட மிசுக்கி, 1999 இல் 24 மணி நேரத்தில் 1000 பாடல்களை மேடையில் பாடினார். அவர் 2022 திசம்பரில் காலமானார். 1974 இல் வெளிவந்த "விண்வெளிப் போர்க்கப்பல் யமாத்தோ" தொடரின் பாடலை இசாவோ சசாக்கி பாடினார்.

1980களில் நிலைமை மாறியது. இசைத்தட்டு நிறுவனங்கள் தம் பாடகர்களை அறிமுகப்படுத்த அனிமேயைப் பயன்படுத்தத் தொடங்கின. தொடரின் பெயரோ கதையோ வரிகளில் வர வேண்டும் என்ற நிலை தளர்ந்தது. "சிட்டி ஹண்டர்" தொடரின் முடிவுப் பாடலான "கெட் வைல்ட்" (1987, டிஎம் நெட்வொர்க்), "சிலாம் டங்க்" தொடரில் வாண்ட்ஸ் குழு பாடிய முடிவுப் பாடல் (1994) போன்றவை தொடரை அறியாதவர்களாலும் விரும்பிக் கேட்கப்பட்டன. பெரியவர்கள் கூச்சமின்றிப் பாடக்கூடியதாக அனிசோன் மாறியதற்கு இம்மாற்றம் ஒரு காரணமாகும்.

கரோக்கேயுடன் தொடர்பு

கரோக்கே என்ற சொல்லுக்கு "வெறுமையான இசைக்குழு", அதாவது பாடகர் இல்லாத இசை என்று பொருள். கோபே நகரில் இசைக்கலைஞராக இருந்த தைசுக்கே இனோவே 1971 இல் நாணயம் இட்டு இயக்கும் கரோக்கே கருவியை மதுக்கூடங்களுக்கு வாடகைக்கு விட்டார். அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. அவருக்கு 2004 இல் அமைதிக்கான "இக் நோபல்" என்ற நகைச்சுவைப் பரிசு வழங்கப்பட்டது.

தொடக்கத்தில் கரோக்கே மதுக்கூடங்களில் பெரியவர்களின் பொழுதுபோக்காக இருந்தது. அங்கு "என்கா" போன்ற பழைய பாணிப் பாடல்களே மிகுதி. 1980களின் நடுப்பகுதியில் ஒக்காயாமா பகுதியில் சரக்குப் பெட்டகங்களைப் பாடும் அறைகளாக மாற்றி அமைத்தனர். "கரோக்கே பெட்டி" எனப்பட்ட இத்தகைய தனி அறைகள் நாடெங்கும் பரவின. அறிமுகமில்லாதோர் முன் பாட வேண்டிய தேவை நீங்கியதால், மாணவரும் குடும்பத்தினரும் அங்கு வரலாயினர். அவர்களுடன் அனிசோனும் வந்தது.

1992 இல் தொலைபேசி இணைப்பு வழியே பாடல்களை அனுப்பும் முறை அறிமுகமானது. அதற்கு முன் ஒவ்வொரு பாடலும் வட்டில் இருந்தாக வேண்டும். எனவே பெரிதும் விரும்பப்பட்ட பாடல்களே கிடைத்தன. புதிய முறையில் இசைக் குறிப்புகள் மட்டுமே தரவாக அனுப்பப்பட்டதால், சிறு இரசிகர் கூட்டம் கொண்ட தொடரின் பாடலும் பட்டியலில் இடம்பெற முடிந்தது.

பாடும் முறை

தொலைக்காட்சியில் ஒரு தொடக்கப் பாடல் ஏறத்தாழ 90 நொடிகளே ஒலிக்கும். முழுப்பாடல் பெரும்பாலும் நான்கு நிமிடம் அளவில் இருக்கும். தொடரை மட்டும் பார்த்தவர் முதல் பகுதியை நன்றாகப் பாடிவிட்டு, இரண்டாம் பகுதியில் தடுமாறுவது வழக்கம். இதற்காகத் தொலைக்காட்சி அளவிலான சுருக்க வடிவமும் பல பாடல்களுக்குத் தரப்படுகிறது. திரையில் வரிகளின் நிறம் பாடவேண்டிய வேகத்தில் மாறிச் செல்லும். சீன எழுத்துகளுக்கு மேல் அவற்றின் ஒலிப்பு சிறிய கானா எழுத்தில் தரப்படுவதால், மொழி பயில்வோரும் உடன் பாட முடிகிறது. சுருதியைக் கூட்டவும் குறைக்கவும் கருவியில் வசதி உண்டு.

புகழ்பெற்ற சில பாடல்கள்

* "சா-லா ஹெட்-சா-லா" (1989) - "டிராகன் பால் இசட்" தொடரின் தொடக்கப் பாடல். இரோனோபு ககேயாமா பாடியது.
* "ஒதோரு பொம்பொக்கொரின்" (1990) - "சிபி மருக்கோ-சான்" தொடரின் முடிவுப் பாடல். எளிய மெட்டால் சிறுவரும் பாடுவது.
* "வீ ஆர்!" (1999) - "ஒன் பீஸ்" தொடரின் முதல் தொடக்கப் பாடல்; இரோசி கித்தாதானி பாடியது.
* "லயன்" (2008) - "மக்ரோசு பிரான்டியர்" தொடருக்குரியது. இரு பெண் குரல்களுக்கான இப்பாடல் இணைந்து பாட ஏற்றது.
* "குரெங்கே" (2019) - "டீமன் சிலேயர்" தொடரின் தொடக்கப் பாடல்; லீசா பாடியது.
* "ஐடல்" (2023) - "ஒசி நோ கோ" தொடரின் தொடக்கப் பாடல். யோவசோபி இணையர் உருவாக்கியது. விரைவான சொற்களால் பாடக் கடினமானது.

சங்கொக்கு நா தென்சி நோ தேசே

"கொடிய தேவதையின் கருத்துரை" எனப் பொருள்படும் இப்பாடல், 1995 அக்டோபரில் தொடங்கிய "நியான் ஜெனிசிஸ் எவாஞ்செலியன்" தொடரின் தொடக்கப் பாடலாகும். நெக்கோ ஒயிக்காவா எழுத, இதெதோசி சத்தோ இசையமைக்க, யோக்கோ தக்காஹாசி பாடினார். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் வரிகளை எழுதி முடித்ததாக ஒயிக்காவா கூறியுள்ளார். தாளம் தொடங்கும் முன்பே குரல் தொடங்குவதால், முதல் சுரத்தைச் சரியாகப் பிடிப்பது பாடுவோருக்குச் சவாலாகும். தொடர் 1996 இல் முடிந்த பின்னும் பல ஆண்டுகளாக இப்பாடல் கரோக்கேயில் முன்னணியில் இருந்து வந்துள்ளது. பயன்பாட்டுக் கட்டணம் மிகுதியாக ஈட்டிய பாடலுக்கான ஜப்பானிய இசை உரிமைக் கழகத்தின் தங்கப் பரிசை 2011 இல் இது பெற்றது.

உரிமத் தொகை

மதுக்கூடத்தில் பாடுபவர் வாடிக்கையாளரே ஆயினும், சட்டப்படி பாடலைப் பயன்படுத்துபவர் கடை உரிமையாளரே என 1988 இல் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே கட்டணம் செலுத்தும் பொறுப்பு கடையைச் சேர்ந்தது. இசை உரிமைக் கழகம் திரட்டும் இத்தொகை பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும், அவர்தம் வெளியீட்டாளருக்கும் பகிரப்படுகிறது.

பாடலைப் புகழ்பெறச் செய்த பாடகருக்கு இதில் பொதுவாகப் பங்கு இல்லை. கரோக்கே கருவி மூல ஒலிப்பதிவைப் பயன்படுத்துவதில்லை. இசையை மீண்டும் புதிதாக உருவாக்குகிறது என்பதே இதற்குக் காரணம். மூலப் பதிவு ஒலிக்காத இடத்தில், அப்பதிவில் பாடியவருக்குரிய உரிமையும் எழுவதில்லை. ஆகவே ஒரு பாடல் எத்தனை முறை கரோக்கேயில் பாடப்பட்டாலும், அதன் வழியே அப்பாடகர் பெறுவது பெரும்பாலும் புகழும் மேடை வாய்ப்புகளுமே ஆகும். பாடகரே வரிகளையோ இசையையோ எழுதியிருந்தால் மட்டும் அவருக்கும் தொகை சேரும்.

இவற்றையும் பார்க்கவும்

* அனிமே
* மங்கா
* கரோக்கே
* ஜப்பானிய இசை