ஏறிய களைப்பும் இறங்கிய வலியும்

பழனி மலைக்கு 693 படிகள். நடந்தே ஏறி, நடந்தே இறங்கி வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்கியது, இறங்கும்போது பேசிக்கொண்டே வந்துவிட்டோம் என்பார்கள். மறுநாள் காலையில்தான் வினை. உட்கார்ந்தால் எழ முடிவதில்லை. வீட்டு வாசற்படியில் இறங்கக்கூடச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் நாள் வலி இன்னும் கூடுகிறது. நெடுநாள் விடுமுறைக்குப் பின் மைதானத்தில் இறங்கிய மாணவர்களுக்கும் இந்த அனுபவம் புதிதல்ல.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் லாக்டிக் அமிலம். ‘அமிலம் கட்டிக்கொண்டிருக்கிறது, இன்னும் இரண்டு சுற்று ஓடினால் கரைந்துவிடும்’ என்று மைதானங்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கடுமையாக உழைக்கும் தசையில் லாக்டிக் அமிலம் உண்டாவது உண்மையே. ஆனால் வேலை நின்றபின் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அதன் அளவு பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. வலியோ 12 மணி நேரத்திற்குப் பிறகுதான் தலைகாட்டுகிறது. திருடன் ஊரைவிட்டுப் போன மறுநாள் திருட்டு நடந்தது என்றால் யார் நம்புவார்கள்?

1983-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கிற்று. ஓடும் பட்டையின் மீது சிலரைச் சமதளத்தில் ஓடுவது போலவும், சிலரைச் சரிவில் இறங்குவது போலவும் ஓடச் செய்தார்கள். சமதளத்தில் ஓடியவர்களின் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் உயர்ந்தது. ஆனால் மறுநாள் அவர்களுக்கு வலி இல்லை. சரிவில் ஓடியவர்களிடம் அமிலம் உயரவில்லை, வலித்தது அவர்களுக்குத்தான்!

அப்படியானால் இறங்குவதில் என்ன இருக்கிறது? இங்கேதான் இயற்பியல் வருகிறது.

கிணற்றில் குடத்தை இறக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை அப்படியே விட்டுவிடுவதில்லை. இறுகப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறோம். படியில் இறங்கும்போது தொடையின் முன்புறத் தசை செய்வது இதையேதான். அது இழுத்துப் பிடித்தபடியே நீள்கிறது. 60 கிலோகிராம் எடையுள்ளவர் 100 மீட்டர் உயரம் இறங்கினால் இழக்கும் நிலை ஆற்றல் 60 × 9.8 × 100, அதாவது 58,800 ஜூல். 14 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க இது போதும். மேலிருந்து உருட்டிவிட்ட கல்லானால் இவ்வளவும் வேகமாக மாறியிருக்கும். நாமோ மெதுவாகத்தான் வந்து சேர்கிறோம். ஆற்றலின் பெரும்பகுதியைத் தசைகளே வாங்கி வெப்பமாக்கிவிட்டன. ஏறும்போது என்ஜினாக இருந்த தொடை, இறங்கும்போது பிரேக்காக வேலை செய்கிறது.

பிரேக் போடுவது எவ்வளவு மலிவான வேலை என்பதை அபாட், பிக்லாண்ட், ரிச்சி என்ற மூவர் 1952-இல் இங்கிலாந்தில் அழகாகக் காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கிச் சுழலும் பெடலை எதிர்த்து அழுத்த வேண்டும். விசை இருவருக்கும் சமம், வேகமும் சமம். ஆனால் மிதித்தவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன், எதிர்த்தவருக்குத் தேவைப்பட்டதைப் போலப் பல மடங்கு! நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களிலும் பழைய சைக்கிள்களைக் கொண்டு இதைச் செய்து பார்க்கலாமே என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

இறங்கும்போது மூச்சு வாங்காத காரணம் புரிகிறதல்லவா? ஆனால் இந்த மலிவில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதே சுமையை இறக்கும்போது குறைவான தசையிழைகளே வேலைக்கு வருகின்றன. எனவே ஒவ்வோர் இழையின் மீதும் விழும் பாரம் அதிகம். தசையிழை என்பது, மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கே நீளமுள்ள நுண்கண்ணிகள் வரிசையாகக் கோத்த சங்கிலி போன்றது. பாரத்தோடு நீளும்போது வலுவற்ற கண்ணிகள் அளவுக்கு மீறி இழுபட்டுச் சிதைகின்றன. 1981-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், மாடிப்படிகளில் திரும்பத் திரும்ப இறங்கியவர்களின் தசையில் சிறு துணுக்கை எடுத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, கண்ணிகளை இணைக்கும் கோடுகள் கலைந்து கிடப்பதைக் கண்டார்கள். இதைச் செப்பனிட உடல் தொடங்கும் வேலையில் வீக்கமும் நரம்பு முனைகளின் கூச்சமும் உண்டாகின்றன. அதற்கு நேரம் பிடிப்பதால்தான் வலி தாமதமாக வருகிறது.

நம்பிக்கை வரவில்லையா? நீங்களே சோதித்துப் பாருங்கள். முழங்கால் உயரத்திற்குச் சற்றுக் குறைவான, ஆடாத பெஞ்சு ஒன்று போதும். எப்போதும் வலக்காலை முதலில் வைத்து ஏறுங்கள். இறங்கும்போதும் வலக்காலையே முதலில் தரையில் வையுங்கள். உடலைத் தூக்கும் வேலை முழுவதும் வலக்காலுக்கு. மெல்ல இறக்கும் வேலை முழுவதும் இடக்காலுக்கு. ஐந்து நிமிடம் செய்தால் களைப்பது வலக்கால். மறுநாள் வலிக்கும் கால் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. (மறுநாள் பந்தயம் இருப்பவர்கள் இச்சோதனையைத் தள்ளிப்போடுக!)

வலியைத் தணிப்பது எப்படி? அசையாமல் படுத்திருப்பதைவிட மெதுவாக நடப்பது நல்லது. நடக்கும் வரையிலாவது வலி குறையும். வெந்நீர் ஒத்தடம் இதம் தரும். எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவதும் வலியுணர்வை ஓரளவு தணிக்கிறது. ஆனால் அமிலத்தைப் பிழிந்து வெளியேற்றுவதாக எண்ண வேண்டாம். பிடித்துவிடுகையில் விரலுக்குத் தட்டுப்படும் ‘முடிச்சு’ உண்மையில் முடிச்சும் அல்ல. தசையின் ஒரு பகுதி விறைத்துத் தொட்டால் வலிக்கும் நிலை அது. நசுக்கி உடைக்க முயன்றால் புண்பட்ட தசை மேலும் புண்படும். விளையாட்டுக்கு முன்னும் பின்னும் தசைகளை நீட்டி இழுப்பதால் இவ்வலி குறிப்பிடத்தக்க அளவு குறைவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. எதுவும் செய்யாவிட்டாலும் ஒரு வாரத்திற்குள் வலி தானே அடங்கிவிடும்.

வருமுன் காப்பதற்கு ஒரு நல்ல வழி உண்டு. ஒருமுறை இப்படி வலித்து ஆறிய தசை, அதே வேலையைச் சில வாரங்களுக்குள் மறுபடி செய்தால் முன்போல் வலிப்பதில்லை. அதற்குச் சிறு அளவு வேலையே போதும். முதல் நாள் பத்து, மூன்று நாள் கழித்துப் பதினைந்து என்று கூட்டிக்கொண்டு போகலாம்.

இதை மறந்து, பழக்கமில்லாத பிள்ளைகளை நூறு, இருநூறு தோப்புக்கரணம் போடச் சொல்லும் தண்டனையை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் தொடைத் தசை பிரேக் போடுகிறது. அளவு மீறினால் தசையிழைகள் பெருமளவில் சிதைந்து, அவற்றிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கடும் உடற்பயிற்சிக்குப் பின் சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ, தசைகள் வீங்கி வலுவிழந்தாலோ, ஒத்தடம் கொடுத்துக்கொண்டிராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.