நன்றி சொல்லும் வகைகள்

மணியாச்சியில் இரட்டை ரயில் பாதை வேலை நடந்துகொண்டிருந்த காலம். நமது உறுப்பினர் ஒருவரின் கடைக்கு வடமாநிலத் தொழிலாளி ஒருவர் வந்து பருப்பும் உருளைக்கிழங்கும் வாங்கினார். பணத்தைக் கொடுத்துவிட்டு, "சுக்ரியா" என்றார். அண்ணாச்சி காதில் அது "சர்க்கரையா" என்று விழுந்தது. நம் பக்கம் வெள்ளையாக இருப்பது சீனி. சர்க்கரை என்றால் நாட்டுச் சர்க்கரைதான். கால் கிலோ நிறுத்துப் பொட்டலம் கட்டி நீட்டிவிட்டார். வந்தவர் விழித்தார், வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் முதல் அவரும் அவருடன் தங்கியிருந்தவர்களும் வேறு கடைக்குப் போகத் தொடங்கினார்கள். கேட்காத சரக்கைத் தலையில் கட்டுகிற கடை என்று நினைத்துக்கொண்டார்களாம்.

கேட்டு நாம் சிரித்தோம். வியாபாரத்தை இழந்த அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரவில்லை.

'சுக்ரியா' என்பது அரபு வேரிலிருந்து பாரசீகம் வழியாக உருதுக்கும் இந்திக்கும் வந்த சொல். வளைகுடா நாடுகளுக்குப் போய்வந்த நம் பிள்ளைகள் சொல்லும் 'சுக்ரன்' என்பதும் அதே வேர்தான். இந்தியில் 'தன்யவாத்' என்றும் சொல்வார்கள். வங்காளிகள் வாயில் அது 'தொன்னொபாத்', தெலுங்கில் 'தன்யவாதாலு', கன்னடத்தில் 'தன்யவாதகளு'. குஜராத்தியருக்கு 'ஆபார்'. மலையாளிகளின் 'நந்தி' நமக்கு அடுத்த வீட்டுச் சொல். தூத்துக்குடியிலிருந்து கடலைத் தாண்டினால் சிங்களத்தில் 'ஸ்துதி'. மலேசியாவில் 'தெரிமா காசி'. இந்தக் காசிக்கும் நம் கல்லாவில் விழும் காசுக்கும் சம்பந்தமில்லை. 'காசி' என்றால் அன்பு, 'தெரிமா' என்றால் பெறுதல். பதிலுக்கு 'சமா சமா' என்பார்கள். உமக்கும் அப்படியே என்பது கருத்து.

நம் தமிழில் 'நன்றி' என்ற சொல்லுக்கு நன்மை, உதவி என்பதே பழைய பொருள். திருக்குறளின் 11ஆம் அதிகாரத் தலைப்பான 'செய்ந்நன்றி அறிதல்' என்பதிலும் பிறர் செய்த உதவிதான் நன்றி. அதை அறிந்திருக்க வேண்டும் என்றார்களே தவிர, வாயால் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தியதாகத் தெரியவில்லை. நம் கடைகளிலும் அப்படித்தான். பில்லின் அடியில் 'நன்றி, மீண்டும் வருக' என்று அச்சடிப்போம். வாயில் வருவது "போயிட்டு வாங்க" மட்டுமே.

வாய் சொல்லாததைக் கை சொல்லிவந்தது. காலையில் போணி ஆனதும் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, அதுவும் நன்றிதான். இந்திக்காரரும் அந்த முதல் வியாபாரத்தை 'போஹ்னி' என்கிறார், தெலுங்கிலும் 'போணி'. ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடுவது இன்னொரு நன்றி. நம் கரிசல் கிராமங்களில் தெலுங்கு பேசும் வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் மொழியில் அது 'கொசரு'. தைப் பிறப்புக்கு முன் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும் காலண்டரையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

இப்போது கொசுறும் குறைந்துவிட்டது. போனில் பணம் வந்ததும் மேஜை மேல் உள்ள பெட்டி குரல் கொடுக்கிறது. நாம் தலை நிமிர்வதுகூட இல்லை. பெரிய கடைகளிலோ, வாசலில் நிற்கும் பையன் வணக்கமும் நன்றியும் சொல்லியே அனுப்புகிறான், அதற்கென்றே சம்பளம்.

அண்ணாச்சி இப்போது கல்லாவுக்கு மேல் ஓர் அட்டையில் இந்தச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். "சுக்ரியா" என்று யாராவது சொன்னால், "கோயி பாத் நஹி" என்கிறார். போன கூட்டத்தில் இரண்டு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள்.