கேமிங் கம்ப்யூட்டர் பூட்டுவதற்கு முன் சுவர் பிளக்கைப் பாருங்கள்

கேம் ஆடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டரை உதிரிகளாக வாங்கி வீட்டில் பூட்டலாம் என்று யோசிக்கிறீர்கள். வீடியோக்கள் நிறைய பார்த்திருப்பீர்கள். எல்லாரும் கிராபிக்ஸ் கார்டில்தான் ஆரம்பிப்பார்கள். நீங்கள் தருமபுரியிலோ பென்னாகரத்திலோ அரூர் பக்கமோ இருந்தால் வேறு இரண்டு கேள்விகளில் ஆரம்பியுங்கள். எந்தத் திரையில் ஆடப் போகிறீர்கள்? எந்தப் பிளக்கில் சொருகப் போகிறீர்கள்? இவற்றுக்கு விடை தெரிந்தால் மற்ற உதிரிகளில் பாதி தானாக முடிவாகிவிடும்.

திரை ஏன் முதலில்? கேம் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு பிக்சலையும் (திரையில் உள்ள ஒற்றைப் புள்ளி) திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே இருக்கிறது. ஃபுல் எச்.டி. திரையில் சுமார் 21 லட்சம் புள்ளிகள். அடுத்த ரகமான 1440 திரையில் சுமார் 37 லட்சம். 4கே என்றால் 83 லட்சம். பெரிய திரையை முதலில் வாங்கிவிட்டால் அதற்கு ஈடுகொடுக்க கார்டு, கார்டுக்கு ஈடுகொடுக்க எஸ்.எம்.பி.எஸ். (வீட்டுக் கரண்டை கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) என்று செலவு இழுத்துக்கொண்டே போகும்.

முதல் மெஷினுக்கு 24 அங்குல ஃபுல் எச்.டி. திரை போதும் என்பது என் கருத்து. வாலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி சுடும் ஆட்டங்கள்தான் பிடிக்கும் என்றால் 144 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 144 முறை படத்தை மாற்றும்) திரையாகப் பாருங்கள். கதை ஆட்டம், கார் ஆட்டம் மட்டும் என்றால் 60 ஹெர்ட்ஸிலேயே நிம்மதியாக ஆடலாம்.

சரி, கார்டு எது? ஃபுல் எச்.டி.க்கு ஆர்.டி.எக்ஸ். 4060, ஆர்.எக்ஸ். 6600 வரிசையில் உள்ளவையே தாராளம். முன்னது 2023-ல் வந்தது, 115 வாட் இழுக்கும். பின்னது 2021-ல் வந்தது, 132 வாட். இரண்டிலும் 8 ஜி.பி. நினைவகம் உண்டு. ஆனால் புதிய பெரிய கேம்களுக்கு இந்த 8 ஜி.பி. இறுக்கமாகத்தான் இருக்கும். பணம் இடம் கொடுத்தால் அதற்கு மேல் உள்ளதைப் பாருங்கள். 2025-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ., ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. இரண்டும் ஒரே பெயரில் 8 ஜி.பி.யிலும் 16 ஜி.பி.யிலும் விற்கின்றன. விலை ரொம்பக் குறைவாகத் தெரிந்தால், பெட்டியில் எந்த எண் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

பழைய கார்டு வாங்கலாமா? வாங்கலாம், கண்ணெதிரே அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டினால். 2022 செப்டம்பரில் ஈத்தரியம் நாணயத்துக்கு கார்டு வைத்துத் தோண்டும் முறை நின்றது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்து கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஃபேன் சத்தம் கரகரவென்று கேட்டாலோ, பில் இல்லை என்றாலோ விட்டுவிடுங்கள்.

பெங்களூரு கம்பெனிகள் கழித்துவிட்ட ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்கி கார்டு மட்டும் சேர்த்தால் மலிவாக முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், ஆனால் மூன்று தடைகள். கேபினட் சின்னது, முழு அளவு கார்டு உள்ளே போகாது. பல மெஷின்களில் எஸ்.எம்.பி.எஸ். கனெக்டர் அந்தக் கம்பெனிக்கே உரியது, கடையில் கிடைக்கும் எஸ்.எம்.பி.எஸ். பொருந்தாது. அதனால் மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே ஓடும் சின்ன கார்டுதான் கதி. மூன்றாவது தடை விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல் 8-வது தலைமுறையாவது வேண்டும். அதற்கு முந்தையதை யார் குறைத்துச் சொன்னாலும் வேண்டாம்.

பிராசசர், மதர்போர்டு, ராம் மூன்றையும் ஒன்றாகத்தான் முடிவு செய்ய வேண்டும். ஏ.எம்.4 சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) போர்டு டி.டி.ஆர்.4 ராம் கேட்கும். 2022-ல் வந்த ஏ.எம்.5 டி.டி.ஆர்.5 மட்டுமே ஏற்கும். ஒன்றின் ராம் மற்றதன் ஸ்லாட்டில் இறங்காது. குறைந்த பணம் என்றால் ரைசன் 5 5600 மாதிரி ஆறு கோர் போதும். நாலைந்து வருடம் கழித்து பிராசசரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் ஏ.எம்.5. இன்டெல்லில் பெயர் எஃப் என்று முடிந்தால் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு பழுதான அன்று திரை கறுப்பாகவே இருக்கும்.

ராம் 16 ஜி.பி., ஒரே குச்சியாக வேண்டாம், 8 ஜி.பி. இரண்டாக. 2025 கடைசியிலிருந்து ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால் ராம் விலை மளமளவென ஏறியது. பழைய வீடியோவில் சொன்ன விலையை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். எஸ்.எஸ்.டி. 1 டி.பி. எடுங்கள். ஒரே கேம் 100 ஜி.பி.யைத் தாண்டும் காலம் இது.

இப்போது பிளக்குக்கு வருவோம். நம் பக்கத்தில் மெஷின் நிலைப்பதும் புகைவதும் இங்கேதான்.

எஸ்.எம்.பி.எஸ். கேபினட்டோடு இலவசமாக வருகிறதே, அது போதாதா? அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். மேலே 450 வாட் என்று பெரிதாக இருக்கும். கீழே 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றால் 12-ஐ 16-ஆல் பெருக்க 192 வாட். பிராசசரும் கார்டும் சாப்பிடுவது இந்த வரிசையிலிருந்துதான். உண்மையான 450 வாட் பெட்டியில் அங்கே 36, 37 ஆம்பியர் இருக்கும். நாம் பேசும் மெஷினுக்கு நல்ல கம்பெனியின் 550 வாட் போதுமானது.

அதே லேபிளில் இன்னொரு வரி: எத்தனை வோல்ட்டில் வேலை செய்யும் என்பது. சில மலிவுப் பெட்டிகளில் 200-240 என்று இருக்கும். 100-240 என்று உள்ளதை எடுங்கள். கோடை மாலையில் கிணற்று மோட்டார்கள் ஒருசேர ஓடி, டியூப் லைட் விட்டுவிட்டு எரியும் ஊராக இருந்தால் இந்த ஒரு வரிதான் உங்கள் கேம் பாதியில் அணையாமல் காக்கும். அப்படிப்பட்ட பெட்டிக்கு ஸ்டெபிலைசர் பெரும்பாலும் தேவைப்படாது. இடி மின்னலுக்கு மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், வேறு வைத்தியம் கிடையாது.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறதா? மெஷின் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். எர்த் சரியில்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் வழியாகக் கசியும் சிறு கரண்ட் எர்த் கம்பியில் இறங்க வேண்டும். வழி இல்லாதபோது கேபினட்டிலேயே நிற்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக்கும் அடாப்டர் இருந்தால் அன்றே தூக்கிப் போடுங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, யு.பி.எஸ். தனியாக வேண்டுமா? உங்கள் இன்வெர்ட்டர் சைன் வேவ் ரகமா என்று பாருங்கள். பின்புறம் யு.பி.எஸ். மோடு சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். கரண்ட் போனதும் மாறும் நேரம் குறையும். அப்போதும் மெஷின் அணைந்து திரும்ப ஸ்டார்ட் ஆனால் அந்த இன்வெர்ட்டர் இதற்கு ஒத்துவராது. தனி யு.பி.எஸ். வாங்கினாலும் அது கேமை முடித்து ஒழுங்காக அணைக்கும் நேரத்துக்கு மட்டுந்தான். 600 வி.ஏ. என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 360 வாட்தான் தரும்.

கரண்ட் பில் எகிறுமா? திரையோடு சேர்த்து 250 வாட் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 4 மணி நேரம் ஆடினால் 1 யூனிட். இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். தமிழகத்தில் வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம், ஆனால் ஏற்கெனவே ஃபிரிட்ஜும் மோட்டாரும் அதை முடித்துவிட்டிருக்கும். இரண்டு மாத மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும் என்பதால், அந்த எல்லைக்கு அருகில் இருக்கும் வீடுதான் கணக்குப் பார்க்க வேண்டும்.

தகர ஷீட்டோ, வெயில் நேராக இறங்கும் மொட்டை மாடி அறையோ என்றால் கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இல்லாமல் சல்லடை போல் ஓட்டை உள்ளதாக வாங்குங்கள். முன்னால் இரண்டு ஃபேன் காற்றை இழுக்க, பின்னால் ஒன்று தள்ள வேண்டும். கழற்றிக் கழுவும் தூசி வலை இருக்கட்டும். ஜல்லி லாரி போகும் ரோட்டோரம் வீடு என்றால் அதை மாதம் ஒருமுறை கழுவுங்கள். வண்ண விளக்கு ஃபேனுக்குக் கொடுக்கும் பணத்தை எஸ்.எம்.பி.எஸ்.ஸில் போடுங்கள் என்று சொன்னால் பிள்ளைகள் முறைப்பார்கள், பரவாயில்லை.

எங்கே வாங்குவது? தருமபுரி, சேலம் கடைகளில் விலை கொஞ்சம் கூட இருக்கலாம், பழுது என்றால் போய் நிற்க ஆள் உண்டு. வகை நிறைய வேண்டும் என்றால் கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக பெங்களூரு எஸ்.பி. ரோடு, இல்லாவிட்டால் சென்னை ரிச்சி தெரு. எங்கே வாங்கினாலும் உங்கள் பெயரில் ஜி.எஸ்.டி. பில் போடச் சொல்லி, ஒவ்வொரு உதிரியின் சீரியல் எண்ணும் அதில் வருகிறதா என்று பாருங்கள். மூன்று வருட வாரன்டி என்பது பில் கையில் இருந்தால்தான். வாரன்டிக்குப் பொருளை எங்கே கொடுக்க வேண்டும், கடையிலேயே வாங்கிக்கொள்வார்களா என்பதையும் அப்போதே கேளுங்கள். இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு ஒவ்வொரு பழுதுக்கும் பெங்களூருக்குப் பஸ் ஏறுவதில் லாபம் இல்லை.

அங்கேயே பூட்டித் தரச் சொன்னால், ஓட்டிப் பார்த்த பிறகு கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் வைத்துத் தரச் சொல்லுங்கள். கனமான கார்டு போர்டில் தொங்கியபடி பஸ்ஸில் குலுங்கி வந்தால் ஸ்லாட் விரிசல் விடலாம். திரையைப் படுக்கப் போடாமல், பெட்டியில் அம்புக்குறி காட்டும் பக்கம் மேலே இருக்கும்படி இரண்டு சீட்டுக்கு நடுவில் நிறுத்துங்கள். வீட்டுக்கு வந்து கார்டைத் திரும்பச் சொருகியதும் திரையின் வயரை மதர்போர்டில் மாட்டிவிடாதீர்கள், கார்டின் பின்னால் உள்ள துளையில் மாட்டுங்கள். 144 ஹெர்ட்ஸ் திரை என்றால், பிறகு விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் போய் 60-ல் நிற்கும் ஹெர்ட்ஸை 144-க்கு மாற்றுங்கள்.