டோல்கேட் சூரியோதயம்: ட்ரோன் படத்தில் ஒளிக்கறை விழாமல் எடுப்பது எப்படி?

வடசென்னையின் டோல்கேட் மெட்ரோ நிலையத்தில் இறங்கிக் கடலை நோக்கி நடக்கிறீர்கள். எண்ணூர் விரைவுச் சாலையைத் தாண்டினால் கருங்கல் தடுப்பு, அதற்கப்பால் கடல். விடியலில் ட்ரோனைக் கிளப்பிச் சூரியனைப் படமெடுக்கிறீர்கள். போனில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் திறந்தால், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுப் பாறைகளின் மேல் ஒரு பச்சை வட்டம், கரை திரும்பும் ஃபைபர் படகின் மேல் ஊதாப் பொட்டு, படம் முழுக்க வெளிறிய மூட்டம்.

ட்ரோன் பழுதாகிவிட்டதா? இல்லை. இதற்குப் பெயர் லென்ஸ் ஃப்ளேர் (கண்ணாடிகளுக்குள் ஒளி தெறித்துப் படத்தில் விழும் கறை). விலை உயர்ந்த கேமராவிலும் இது வரும். ஆனால் பெரும்பகுதியைத் தவிர்க்க முடியும். அதற்கான வேலையில் பாதி, ட்ரோன் தரையில் இருக்கும்போதே முடிந்துவிடும்.

கறை எப்படி உண்டாகிறது? லென்ஸ் என்பது ஒரே கண்ணாடி அல்ல. பல சிறு கண்ணாடிகளின் அடுக்கு. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பூச்சு இதை வெகுவாகக் குறைக்கும், முழுக்க நிறுத்தாது. சூரியன் அளவுக்குப் பிரகாசமான ஒன்று எதிரே நின்றால், அந்த மிச்சமே கறையாகத் தெரிய ஆரம்பிக்கும்.

வட்டமும் மூட்டமும் ஒன்றுதானா? இரண்டும் வேறு. வட்டங்கள் லென்ஸுக்குள் ஒளி முன்னும் பின்னும் தெறிப்பதால் வருபவை. வெள்ளை மூட்டத்துக்குப் பெரும்பாலும் அழுக்குதான் காரணம். இந்தக் கடற்கரையில் அலை பாறையில் மோதித் தெறிக்கும் உப்புநீர் காற்றில் வருகிறது. கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியும் சேர்கிறது. லென்ஸைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்: வெறும் கண்ணுக்குச் சுத்தமாகத் தோன்றியதன் மேல் மெல்லிய சாம்பல் படலம் தெரியும்.

அப்படியானால் சட்டைத் துணியால் துடைக்கலாமா? வேண்டாம். உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறிவிடும். கீறல் விழுந்த லென்ஸில் கறை நிரந்தரமாகிவிடும். முதலில் ரப்பர் ஊதுகுழலால் தூசியை ஊதுங்கள். பிறகு லென்ஸ் துடைக்கும் திரவத்தில் ஒரு துளியை மெல்லிய மைக்ரோஃபைபர் துணியில் விட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாக மெதுவாகத் துடையுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக எடுத்து வந்தால் கண்ணாடியில் ஈரம் படியும். கால் மணி நேரமாவது பையிலேயே வைத்து வெளிக்காற்றின் சூட்டுக்குப் பழக்குங்கள்.

ஃபில்டர் மாட்டினால் கறை குறையுமா? கூடத்தான் செய்யும். முன்னால் இன்னொரு கண்ணாடி வந்தால் ஒளி தெறிக்க இரண்டு பரப்புகள் அதிகம். சூரியனை எதிரே வைத்துப் புகைப்படம் எடுக்கும்போது, கழற்றக்கூடிய ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். வீடியோவுக்கு என்.டி. ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) தேவைப்பட்டால், தெறிப்பைத் தடுக்கும் பூச்சுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

எந்த நேரம் நல்லது? சூரியன் தலைகாட்டும் முதல் சில நிமிடங்கள். அடிவானத்துச் சூரியனின் ஒளி, உச்சிச் சூரியனின் ஒளியைவிட ஏறக்குறைய 38 மடங்கு அதிகக் காற்றைக் கடந்து வருகிறது. அதனால் மங்கிச் சிவக்கிறது, கறையும் குறைகிறது. சென்னையில் முழு வட்டமும் மேலெழ இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமே ஆகும். பிறகு நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை என்ற கணக்கில் நகரும். ஆகவே உதயத்துக்குப் பத்து நிமிடம் முன்பே தயாராக இருங்கள். மாலையில் இந்தக் கணக்கு தலைகீழ்: மறையும் முன் கடைசி நிமிடங்களே உங்களுக்கானவை. அப்போது சூரியன் ஊர்ப் பக்கம், கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கும். கடற்காற்று வீசும் நேரம் என்பதால் லென்ஸில் உப்பு படிந்திருக்கிறதா என்று கூடுதலாகக் கவனியுங்கள்.

சூரியனைப் படத்தில் எங்கே வைப்பது? கறை வட்டம் பெரும்பாலும் படத்தின் நடுப்புள்ளிக்கு மறுபக்கம், சூரியனுக்கு நேரெதிரே விழும். சூரியன் இடது மேல் மூலையில் என்றால் கறை வலது கீழே. இது புரிந்தால் கறையை நீங்களே நகர்த்தலாம். சூரியனை நடுவுக்குக் கொண்டுவந்தால் கறை அதன் மேலேயே ஒடுங்கி மறையும். ட்ரோனைச் சில பாகை திருப்பினால், படகின் மேல் இருந்த பொட்டு வெளிச்சமான நுரைப் பக்கம் போய்க் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

தரையில் கையால் வெயிலை மறைப்போமே, வானத்தில் என்ன செய்வது? மறைக்க வேறொன்றைத் தேடுங்கள். மேகத்தின் ஓரம், படகின் கம்பம், மாலையில் மாடி நீர்த்தொட்டி, எதுவும் உதவும். சூரியனில் பாதி மறைந்தாலே வித்தியாசம் தெரியும். சூரியன் எங்கே எழும் என்பதும் முக்கியம். ஆனி மாதத்தில் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை எண்ணூர்ப் பக்கமும், மார்கழியில் அதே அளவு காசிமேட்டுப் பக்கமும் தள்ளி எழும்.

வீடியோவில் பட்டை பட்டையாக நிழல் துடிக்கிறதே, அதுவும் இதுதானா? அது இறக்கைகளின் நிழல். சூரியன் முன்னால், சற்று மேலே இருக்கும்போது சுழலும் இறக்கை ஒளியை வெட்டுகிறது. கேமராவைச் சற்றுக் கீழே சாய்த்தாலோ ட்ரோனைக் கொஞ்சம் திருப்பினாலோ நின்றுவிடும். உங்கள் ட்ரோனுக்கு லென்ஸ் ஹூட் (முன்னால் மாட்டும் நிழல் மறைப்பு) கிடைத்தால் வாங்கலாம். ஆனால் சூரியன் படத்துக்குள்ளேயே இருக்கும்போது அது உதவாது.

எடுத்த பிறகு கணினியில் சரிசெய்யலாமே? சின்ன வட்டத்தை நீக்கலாம். மூட்டத்தில் வெளிறிப்போன படத்தை முழுக்க மீட்க முடியாது. அதனால் அதே இடத்தில் ட்ரோனை நிறுத்தி இரண்டு படம் எடுங்கள்: ஒன்று நீங்கள் விரும்பியபடி, மற்றொன்று கேமராவைச் சில பாகை நகர்த்தி. கறை இரண்டிலும் வெவ்வேறு இடத்தில் விழுந்திருக்கும். ஒன்றின் சுத்தமான பகுதியால் மற்றதன் கறையை மூடலாம்.

டோல்கேட்டில் பறக்கவிட அனுமதி உண்டா? இதை முதலில் பாருங்கள். துறைமுகம், அனல்மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எல்லாம் உள்ள பகுதி வடசென்னை. 2021 ட்ரோன் விதிகளின்படி சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியும், மஞ்சள் மண்டலத்தில் விமானக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும் வேண்டும். இந்த மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்தைப் பாருங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் கேளுங்கள்.

அனுமதி, சுத்தமான லென்ஸ், கழற்றிய ஃபில்டர், தாழ்ந்த சூரியன், சில பாகைத் திருப்பம். இதே வரிசையில் செய்யுங்கள். அனுமதி கையில் இருந்தால், நாளைக் காலை ட்ரோனைக் கிளப்பும் முன் லென்ஸை ஒருமுறை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அங்கிருந்து தொடங்கினால் போதும்.